ராஷ்டிரபதி பவன் – 11: மனச்சாட்சி ஓட்டு

1969 மே 3ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானதோடு சென்ற இதழை முடித்திருந்தோம். பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். அன்றைக்கே துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகப் பொறுப்பை ஏற்றார். காலியான நாற்காலியை ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 62ஆம் பிரிவு. அந்த ஆறு மாதத்துக்குள், சுதந்திரத்துக்குப் பின் இடைவிடாமல் நாட்டை ஆண்டுவந்த காங்கிரஸ் இரண்டாக உடையும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

அதிகாரமே இல்லாத நாற்காலி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் ஒன்றுக்காக ஒரு பெரிய கட்சி ஏன் உடைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் 1969-இன் கதை புரியும்.

ராஜேந்திர பிரசாத்தையும் ராதாகிருஷ்ணனையும் தேர்ந்தெடுத்த தேர்தல்களில் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. காங்கிரஸ் யாரை நிறுத்துகிறதோ அவர்தான். 1967-இல் இந்த நிலை மாறியது. தலைமை நீதிபதி பதவியை விட்டுவிட்டு வந்த கோ. சுப்பா ராவை எதிர்க்கட்சிகள் நிறுத்தின. ஜாகிர் உசேன் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார் என்றாலும், சுப்பா ராவுக்கு 3,63,971 கிடைத்தது. அதே ஆண்டு பொதுத்தேர்தலில் காங்கிரஸ் மக்களவையின் 520 இடங்களில் 283-ஐத்தான் பிடித்தது. சென்னைக் கோட்டையில் தி.மு.க. ஏறியது. வடக்கே மாநிலம் மாநிலமாகக் கூட்டணி அரசுகள் எழுந்தும் விழுந்தும் கொண்டிருந்தன.

அடுத்த பொதுத்தேர்தல் 1972-இல் வர வேண்டும். அதில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்பது டெல்லியில் அன்று பலரும் போட்ட கணக்கு. அப்படி ஆனால் ஆட்சி அமைக்க யாரை முதலில் அழைப்பது? 75ஆம் பிரிவுப்படி பிரதமரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அவையைக் கலைக்கச் சொல்லிப் பிரதமர் கோரினால் கையெழுத்திடுவதும் மறுப்பதும் அவர் கையில். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிய 42ஆம் திருத்தம் 1976-இல்தான் வந்தது. 1969-இல் அது மரபாக இருந்ததே தவிர, சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. நிலையான பெரும்பான்மை உள்ள காலத்தில் அந்த நாற்காலி அலங்காரமாகத் தெரியும். பெரும்பான்மை ஆட்டம் காணும்போது, நாட்டின் பிரதமர் யார் என்பதே அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்ததாகிவிடும். இந்திரா காந்திக்கும் இது தெரியும். அவரை எதிர்த்த மூத்த தலைவர்களுக்கும் தெரியும்.

அந்த மூத்த தலைவர்களைத்தான் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்று அழைத்தன. 1963-இல் திருப்பதியில் காமராஜர், நீலம் சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ் ஆகியோர் கூடிப் பேசியதிலிருந்து தொடங்கிய உறவு அது. நேருவுக்குப் பின் சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பின் இந்திரா என்று இரண்டு பிரதமர்களை நாற்காலியில் அமர்த்தியவர் காமராஜர். 1967-இல் விருதுநகரில் தோற்றவர், 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போயிருந்தார். தான் கொண்டுவந்த பிரதமர் தன் பேச்சைக் கேட்பதில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. பிரதமரைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒருவர் ராஷ்டிரபதி பவனில் இருப்பது கட்சிக்கும் நாட்டுக்கும் நல்லது என்பது சிண்டிகேட்டின் எண்ணம். இந்திராவின் பார்வையில் அது தன்னை இறக்குவதற்கான முதல் படி. 1972-க்கு முன்பே அது நடக்கலாம் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

1969 ஜூலையில் பெங்களூர் லால்பாக்கில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. வேட்பாளரைத் தீர்மானிக்க வேண்டியது எட்டுப் பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு. இந்திரா முதலில் கிரியின் பெயரைச் சொன்னார். அது எடுபடவில்லை. காந்தி நூற்றாண்டில் ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத் தலைவர் குடியரசுத் தலைவராவது பொருத்தம் என்று ஜகஜீவன் ராமின் பெயரை வைத்தார். சிண்டிகேட்டின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. ஆந்திரத்தின் முன்னாள் முதல்வர், அப்போது மக்களவைச் சபாநாயகர். ஜூலை 12 அன்று வாக்கெடுப்பு நடந்தது. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவான் ஆகிய நால்வரும் ரெட்டி பக்கம். இந்திராவும் பக்ருதீன் அலி அகமதும் ஜகஜீவன் ராம் பக்கம். தலைவர் நிஜலிங்கப்பாவும், பெயர் அடிபட்ட ஜகஜீவன் ராமும் வாக்களிக்கவில்லை. நாலுக்கு இரண்டு. பதவியில் இருக்கும் பிரதமர் தன் கட்சிக் குழுவிலேயே தோற்றார். பக்ருதீன் அலி அகமதின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எட்டு நாட்கள் வேகமானவை. கட்சி ஒதுக்கினாலும் சுயேச்சையாக நிற்பேன் என்று கிரி அறிவித்தார். ஜூலை 16 அன்று இந்திரா, துணைப் பிரதமர் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்துத் தானே வைத்துக்கொண்டார். மொரார்ஜி அமைச்சரவையை விட்டு வெளியேறினார். ஜூலை 19, சனிக்கிழமை, 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை கொண்ட வங்கிகள் அவை. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பட்டியலில் உண்டு. தற்காலிகக் குடியரசுத் தலைவர் என்ற முறையில் அதில் கையெழுத்திட்டவர் கிரி. மறுநாள் ஞாயிறு. மனிதன் நிலவில் இறங்கிய அந்த ஜூலை 20 அன்று கிரி ராஜினாமா செய்தார்.

வங்கிகள் நாட்டுடைமையானதால் கிராமத்துக்குக் கடன் போய்ச் சேர்ந்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து முறையானதாக எனக்குத் தோன்றவில்லை. நாடாளுமன்றம் திங்கட்கிழமை கூட இருந்தது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் மசோதாவாகவே கொண்டுவந்திருக்கலாம். அதைவிட முக்கியம், கையெழுத்திட்டவர் அப்போது ஏற்கெனவே ஒரு வேட்பாளர். பிரதமரின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அவசரச் சட்டம் உண்மையிலேயே அவசரமா என்று கேட்கும் கடமை உள்ள இடத்தில், கேட்க முடியாத நிலையில் இருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் ராஜினாமாவிலும் ஒரு சிக்கல் இருந்தது. குடியரசுத் தலைவர் விலகினால் கடிதத்தைத் துணைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். துணைக் குடியரசுத் தலைவர் விலகினால் குடியரசுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு பொறுப்பும் கிரி ஒருவரிடமே இருந்தன. இரண்டு நாற்காலியும் ஒரே நேரத்தில் காலியாகும் நாள் வரும் என்று 1950-இல் யாரும் வழி வகுத்து வைக்கவில்லை. ஜாகிர் உசேன் மறைந்த பிறகு, அந்த மே மாதம்தான் அதற்கென ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் அவசரமாக நிறைவேற்றியிருந்தது. அதன்படி இந்தியத் தலைமை நீதிபதி எம். ஹிதாயதுல்லா ஜூலை 20 முதல் குடியரசுத் தலைவர் பொறுப்பைப் பார்த்தார். அமெரிக்க அதிபர் நிக்ஸன் ஜூலை 31 அன்று டெல்லி வந்தபோது அரச மரியாதையுடன் வரவேற்றவர் அவர்தான். வங்கி மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிய பின் ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் அளித்தவரும் அவரே.

களத்தில் பதினைந்து பேர் நின்றார்கள். அப்போது முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருந்தால் போதும். ஆனாலும் போட்டி மூவருக்குள்தான். கிரியையும் ரெட்டியையும் தவிர மூன்றாமவர் சி.டி. தேஷ்முக். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் அவரை நிறுத்தின. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர், நேருவின் நிதியமைச்சர், பம்பாய்ப் பிரச்சினையில் 1956-இல் பதவியைத் துறந்தவர்.

கிரியும் நேரு அமைச்சரவையிலிருந்து கொள்கைக்காக விலகியவர்தான். பழைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் பெர்ஹாம்பூரில் 1894-இல் பிறந்தார். டப்ளினில் சட்டம் படித்தார். ரயில்வே தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தார். 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவர் ஊரிலேயே தோற்கடித்து, ராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். 1952-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சர். 1954-இல் வங்கி ஊழியர் சம்பளத் தகராறில் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசே மாற்றியபோது, அதை ஏற்க முடியாது என்று வெளியேறினார். அன்றைக்கு நிதியமைச்சர் யார் என்றால் இதே தேஷ்முக். வங்கி ஊழியர்களுக்காகப் பதவியை விட்டவர் பதினைந்து ஆண்டு கழித்து அந்த வங்கிகளையே அரசிடம் ஒப்படைக்கும் ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு, பழைய நிதியமைச்சரை எதிர்த்து நின்றார். கிரியை வெறும் தலையாட்டி என்று பின்னாளில் பேசியவர்கள் இந்த 1954-ஐ மறந்துவிடுகிறார்கள்.

இனி ஓட்டுக் கணக்குக்கு வருவோம். நான் சந்திக்கும் வாசகர்கள் பலர் இதைப் பற்றியே கேட்பதால் சற்று நின்று பார்க்கலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் உங்களுக்கும் எனக்கும் நேரடி ஓட்டு இல்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்தான் வாக்காளர்கள். நியமன உறுப்பினர்களுக்கு இடமில்லை. ஓர் எம்.எல்.ஏ.வின் ஓட்டு ஒன்றாக எண்ணப்படுவதில்லை. அவர் மாநில மக்கள்தொகை அந்த ஓட்டின் மதிப்பை நிர்ணயிக்கிறது. 1961 கணக்கெடுப்புப்படி நம் மாநில மக்கள்தொகை 3,36,86,953. சட்டமன்ற இடங்கள் 234. வகுத்தால் ஓர் உறுப்பினருக்கு 1,43,961 பேர். அதை ஆயிரத்தால் வகுத்து, மிச்சம் பாதிக்கு மேல் இருப்பதால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் 144. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 174. எல்லா மாநிலங்களின் கூட்டுத்தொகையை மொத்த எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எம்.பி.யின் ஓட்டு மதிப்பு வரும். 1969-இல் அது 576. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டு, நாடாளுமன்றம் இன்னொரு தட்டு. இரண்டும் ஒரே எடை. கூட்டாட்சியைப் பற்றி நம் அரசியல் சட்டம் செய்த அழகான ஏற்பாடுகளில் இது ஒன்று என்பது என் கருத்து.

வாக்குச் சீட்டில் ஒரே ஒருவருக்கு முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பத்தைப் பார்த்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வாக்களிப்பு ரகசியம். யார் யாருக்குப் போட்டார் என்பதை அரசியல் சட்டமே மறைத்து வைத்திருக்கிறது. 1969-இல் எல்லாமே இந்த இரண்டைச் சுற்றித்தான் நடந்தன: இரண்டாம் விருப்பம், ரகசியம்.

இரண்டாம் விருப்பத்தை முதலில் தேடிப் போனவர் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா. தேஷ்முக்குக்கு முதல் ஓட்டுப் போடும் சுதந்திரா, ஜனசங்க உறுப்பினர்கள் இரண்டாவது ஓட்டை ரெட்டிக்குப் போட வேண்டும் என்று அந்தக் கட்சித் தலைவர்களிடம் பேசினார். தேர்தல் கணக்கில் அதில் தவறு ஒன்றும் இல்லை. அரசியலில் அது அவருக்கே வினையாக முடிந்தது. வங்கிகளை நாட்டுடைமையாக்கிய கட்சி, அதை எதிர்க்கும் கட்சிகளோடு கைகோர்க்கிறதா என்று இந்திரா தரப்பு கேட்டது. வங்கி நாட்டுடைமைக்கு நாடெங்கும் இருந்த வரவேற்பு அந்தக் கேள்விக்குப் பலம் கொடுத்தது. ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதும் நிஜலிங்கப்பாவுக்குக் கடிதம் எழுதி, சுதந்திரமாக வாக்களிக்க அனுமதி கேட்டார்கள்.

ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவரே இந்திராதான். தான் முன்மொழிந்தவருக்கு ஓட்டுப் போடும்படி கட்சிக் கொறடா மூலம் ஆணையிட மறுத்தார். வாக்குப்பதிவு நெருங்கிய வேளையில், காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற செய்தி அவரிடமிருந்து போனது. மனச்சாட்சி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இந்த இடத்தில் இரு தரப்பையும் சமமாக வைத்துப் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கட்சி முடிவு பிடிக்கவில்லை என்றால் பெங்களூரிலேயே எழுந்து வெளியேறியிருக்கலாம். மனுவில் கையெழுத்திட மறுத்திருக்கலாம். கையெழுத்தும் போட்டுவிட்டு, ரகசிய வாக்கின் மறைவில் தோற்கடிக்கச் சொன்னது நேர்மையான வழி ஆகாது. அதே சமயம், ஒரு மாநில எம்.எல்.ஏ.வின் ஓட்டு கட்சித் தலைமையின் சொத்து என்ற சிண்டிகேட்டின் நினைப்பும் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது. ரகசிய வாக்கு என்று எழுதி வைத்ததே, அந்த ஓட்டு போடுபவருடையது என்பதற்காகத்தான். இன்றைக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட்டதற்காகக் கட்சித் தாவல் சட்டத்தின்கீழ் ஓர் உறுப்பினரின் பதவியைப் பறிக்க முடியாது.

சென்னையில் நிலைமை தெளிவாக இருந்தது. அண்ணா பிப்ரவரியில் மறைந்து, கலைஞர் முதல்வராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தி.மு.க. கிரியை ஆதரித்தது. இடதுசாரிகளும் அகாலி தளமும் முஸ்லிம் லீக்கும் அதே பக்கம். 1967-இல் தி.மு.க.வோடு கைகோர்த்த ராஜாஜியின் சுதந்திரா கட்சி, தேஷ்முக்கின் பக்கம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் அமைச்சரவையில் இருந்தவருக்கு எதிராக ராஜாஜியின் கட்சி. தான் கொண்டுவந்த பிரதமரின் விருப்பத்துக்கு எதிராகக் காமராஜர். அந்தப் பிரதமருக்குத் துணையாக, காங்கிரஸை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த தி.மு.க. தமிழக அரசியலின் பழைய கோடுகள் எல்லாம் அந்த ஒரு தேர்தலில் இடம் மாறின.

வாக்குப்பதிவுக்கு முன், ரெட்டியின் நடத்தையைக் கேவலமாகச் சித்தரிக்கும் பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று உறுப்பினர்களுக்குத் தபாலில் போனது. நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்திலும் கைமாறியது. நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு. ஆகஸ்ட் 20, புதன்கிழமை, டெல்லியில் எண்ணிக்கை. செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. மிச்சம் இருந்த சில்லறை வாக்குகள் சிறு வேட்பாளர்களுக்குப் பிரிந்தன. ஒருவருக்குக் கிடைத்த 576, சரியாக ஓர் எம்.பி. ஓட்டின் மதிப்பு. இன்னும் சிலருக்கு ஒன்றுமே இல்லை.

மத்தியிலும் பல மாநிலங்களிலும் பெரும்பான்மை வைத்திருந்த கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளருக்கு நூற்றுக்கு முப்பத்தேழரைதான் விழுந்திருந்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் எவ்வளவு பெரிய எண்ணிக்கையில் கிரிக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கிரியும் வரம்பை எட்டவில்லை. 16,654 குறைந்தது. கீழிருந்து ஒவ்வொருவராக நீக்கி, இரண்டாம் விருப்பத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெற்றியாளரைத் தீர்மானிக்க அப்படிப் பிரிக்க நேர்ந்தது அந்த ஒரே முறைதான்.

நிஜலிங்கப்பா தேடிப்போன ஓட்டுகள் இப்போது பேசின. கிரி, ரெட்டி தவிர மற்றவர்களுக்கு விழுந்திருந்த மொத்தம் 1,21,274. அதில் 91,879 ரெட்டிக்குப் போனது; நாலில் மூன்று பங்குக்கும் சற்று மேல். கிரிக்கு 18,562. மிச்சமுள்ள 10,833-இல் இவ்விருவருக்கும் அடுத்த விருப்பம் எழுதப்படாததால் அவை கணக்கிலிருந்தே விழுந்தன. 87,967 என்று இருந்த கிரியின் முன்னிலை தேய்ந்துகொண்டே வந்து 14,650-இல் நின்றது. கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வி.வி. கிரி வென்றார்.

14,650 என்றால் என்ன? இருபத்தைந்து எம்.பி.க்களின் ஓட்டு மதிப்பைவிடச் சற்று அதிகம். கிரிக்கு முதல் விருப்பம் கொடுத்தவர்களில் 13 எம்.பி.க்கள் ரெட்டி பக்கம் திரும்பியிருந்தால் முடிவு மாறியிருக்கும். நம் மாநிலக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். 1967-இல் தி.மு.க. வென்ற சட்டமன்ற இடங்கள் 137. அவற்றின் மதிப்பு 19,728. மக்களவையில் அதன் 25 உறுப்பினர்களின் மதிப்பு 14,400. மாநிலங்களவையைச் சேர்க்காமலே 34,128. கிரியின் வித்தியாசத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். கட்சி முடிவுப்படி அந்த ஓட்டுகள் விழுந்திருந்தால், தி.மு.க. இல்லாமல் கிரி ராஷ்டிரபதி பவனுக்குள் போயிருக்க முடியாது. 1969-ஐ டெல்லி அரண்மனைச் சண்டையாக மட்டுமே எழுதும் புத்தகங்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. ஒரு மாநிலக் கட்சி நாட்டின் முதல் குடிமகனைத் தீர்மானிக்கும் இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை என்று நான் கருதுகிறேன்.

கிரி ஆகஸ்ட் 24 அன்று பதவியேற்றார். தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. அந்தத் துண்டறிக்கைதான் முக்கியக் குற்றச்சாட்டு. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்தார். வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இருந்தும் வந்தார்; கேள்விகளுக்குப் பதில் சொன்னார். துண்டறிக்கைக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதி சிக்ரி தலைமையிலான அமர்வு 1970-இல் மனுக்களைத் தள்ளியது. கிரியின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பக்கம் இது. நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவரும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவரே என்பதை அவர் செய்து காட்டினார். 1974-இல் சட்டத்தைத் திருத்தி, குடியரசுத் தலைவர் வேட்பாளரைப் பத்துப் பேர் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், 2,500 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள்.

கட்சி இந்தத் தீர்ப்புக்கு முன்பே உடைந்திருந்தது. 1969 நவம்பர் 12 அன்று நிஜலிங்கப்பா தரப்பு இந்திராவைக் கட்சியை விட்டு நீக்கியது. பெரும்பாலான எம்.பி.க்கள் அவரோடு போனாலும், மக்களவையில் அவர் அரசு பெரும்பான்மையை இழந்தது. தி.மு.க.வும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் தாங்கிப் பிடித்ததால் ஆட்சி நீடித்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று கணித்துத்தான் இரு தரப்பும் அந்த நாற்காலிக்காக மோதியிருந்தன. 1972 வரை காத்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

கிரியின் கையெழுத்துகளைப் பாருங்கள். மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் 1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் தோற்றது. மறுநாளே மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் ஆணையில் கிரி கையெழுத்திட்டார். நாடாளுமன்றத்தில் நிறைவேறாததை ஆணையால் நிறைவேற்றிய அந்தக் கையெழுத்தை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அக்டோபர் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டது, சோவியத் பயணத்தின் நடுவே கீவ் நகரில் இருந்தபடி. மன்னர் மானியம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒழித்த வழிதான் உறுத்துகிறது.

1970 டிசம்பர் 27 அன்று, மக்களவையைக் கலைத்துவிட்டு ஓராண்டுக்கு முன்பே தேர்தல் நடத்தும்படி இந்திரா கேட்டதை கிரி ஏற்றார். பெரும்பான்மை இல்லாத பிரதமரின் இந்தக் கோரிக்கையை அவர் ஏற்கத்தான் வேண்டுமா, வேறு யாராவது ஆட்சி அமைக்க முடியுமா என்று பார்த்திருக்க வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது. சஞ்சீவ ரெட்டி அங்கே இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பார் என்பது என் எண்ணம்; சிண்டிகேட் அவரை நிறுத்தியதே அதற்காகத்தான். மக்களிடமே திரும்பிப் போகட்டும் என்ற முடிவும் ஜனநாயகத்துக்கு விரோதமில்லை என்பதால், இந்த ஒரு கையெழுத்தில் நான் கிரியைக் குறை சொல்ல மாட்டேன். 1971 மார்ச்சில் இந்திராவின் காங்கிரஸ் 352 இடங்களைப் பிடித்தது. தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூட அது போட்டியிடவில்லை. தி.மு.க. 184 இடங்களோடு மீண்டும் ஆட்சிக்கு வந்தது. நாகர்கோவிலில் காமராஜர் தன் தொகுதியைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் கட்சியை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

கிரியின் பதவிக்காலம் 1974 ஆகஸ்ட் 24 அன்று முடிந்தது. அவர் இடத்துக்கு வந்தவர், பெங்களூரில் இந்திராவோடு சேர்ந்து ஓட்டுப் போட்ட பக்ருதீன் அலி அகமது. பத்து மாதம் கழித்து, 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலைப் பிரகடனத்தை அவர் முன் வைத்தார்கள். அமைச்சரவை அதுவரை கூடவில்லை. அவர் கையெழுத்திட்டார். அந்த இரவை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)